அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு வரி

பழைய இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்று மூன்று கட்டங்கள். தூதரக ஊழியர் பேனாவால் எழுதி, மேலே முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது. கீழக்கரை, காயல்பட்டினம், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என்று சபுராளிகளின், அதாவது பிழைப்புக்குக் கடல் கடந்து போனவர்களின், வீடுகள் நிறைந்த ஊர்களில் பீரோவின் அடித்தட்டைத் துழாவினால் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுகள் இன்றும் கிடைக்கும். மூலை வெட்டி ரத்து செய்யப்பட்டிருக்கும். நடுவே ஒரு பக்கத்தில் மூத்தவன் பெயர், அதற்குக் கீழே வேறொரு மையில் இளையவள் பெயர். குவைத்தில் பிறந்த பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட் எடுக்கலாமே என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், “அது எதுக்கு வீண் செலவு, அப்பா பாஸ்போர்ட்டில் ஏத்திட்டா போதும்” என்றுதான் பதில் வந்திருக்கும்.

அந்தப் பதிலில் தப்பில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. வெளிநாட்டில் குழந்தை பிறக்கும் நேரத்தில் தந்தை இந்தியக் குடிமகனாக இருந்தால் குழந்தையும் இந்தியக் குடிமகன். யாரும் மனுப் போட வேண்டாம், யாரும் அனுமதி தர வேண்டாம். தந்தையே வெளிநாட்டில் பிறந்து, வம்சாவழியாகக் குடியுரிமை பெற்றவராக இருந்தால்தான், பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. எழுபதுகளில் வளைகுடாவுக்குப் போனவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்த நிபந்தனை அவர்களைத் தொடவில்லை. தூதரகப் பதிவேடும் பாஸ்போர்ட் வரியும் ஏற்கெனவே இருக்கிற உரிமைக்குச் சாட்சி, அவ்வளவுதான். சாட்சி தொலைந்தால் வேறு சாட்சி தேடிக்கொள்ளலாம். உரிமை தொலையாது.

இன்று அந்தப் பதிவுதான் உரிமையையே தருகிறது. பதிவு இல்லையென்றால் குடியுரிமை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த மாற்றம் நம் குடும்பங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் கவலை.

அன்றைக்கு இந்தச் சட்டப் பிரிவு பெரும்பாலோருக்குத் தேவைப்படவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடும்ப விசா எல்லோருக்கும் கிடைக்காது. சம்பள வரம்பு இருந்தது. இன்ன வேலையில் இருப்பவர்தான் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. கொத்தனாரும் டிரைவரும் கடை ஊழியரும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போனார்கள். பிள்ளை ஊரில் பிறந்தது. மனைவியைக் கூட வைத்திருந்த கணக்கரும் பொறியாளரும்கூட வளைகாப்புக்கு நாள் குறித்தவுடன் அவளை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதை மீற யாருக்கும் மனம் வராது. ராமநாதபுரத்திலோ நாகர்கோவிலிலோ பிரசவம், நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ், பிள்ளை நாற்பது நாள் கடந்து கைக்குழந்தையாக மறுபடி விமானம் ஏறும். சட்டம் கேட்கக்கூடிய கேள்வியை நம் வழக்கம் எழவே விடவில்லை.

அங்கேயே பெற்றவர்களும் உண்டு. மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நடுவில் விட்டுவர முடியாதவர்கள், குவைத்திலும் சவூதியிலும் மருத்துவமனை வேலைக்குப் போன கன்னியாகுமரி மாவட்டத்து நர்சுகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அந்த நர்சுகளின் நிலைதான் அன்றைய சட்டத்தின் கோணலை நன்றாகக் காட்டும். வீட்டில் சம்பாதிப்பவர் அவர், விசா அவர் பெயரில், கணவன் அவருடைய தயவில் வந்து சேர்ந்தவர். ஆனால் பிள்ளைக்குக் குடியுரிமை கணவன் வழியாகத்தான். அந்த நர்சு வேற்று நாட்டவர் ஒருவரை மணந்து அங்கே பிள்ளை பெற்றால் அது இந்தியப் பிள்ளை இல்லை. அவருடைய அண்ணன் வேற்று நாட்டுப் பெண்ணை மணந்து பெற்றால் அது இந்தியப் பிள்ளை. தாய் வழியாகவும் குடியுரிமை வரும் என்று சட்டம் திருத்தப்பட்டு, 1992 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் பிறந்து 37 ஆண்டுகள் கழித்து! பாபர் மசூதி இடிக்கப்பட்டு நான்காம் நாள் அது. நாட்டின் கவனம் முழுவதும் வேறிடத்தில் இருந்த நேரத்தில், இந்தியத் தாய்மார்களுக்கு இவ்வளவு பெரிய உரிமை ஓசையில்லாமல் வந்து சேர்ந்தது.

அப்பாவின் பாஸ்போர்ட்டில் இருந்த அந்த ஒரு வரி எவ்வளவு மெலிந்தது என்பது 1990 ஆகஸ்ட் 2 அன்று தெரிந்தது. ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த நாள். அந்தக் காலத்து வளைகுடாவில் தொழிலாளியின் பாஸ்போர்ட் பெரும்பாலும் கம்பெனியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். கையில் அடையாள அட்டை மட்டும். முதலாளி ஊரைவிட்டுப் போய்விட்டால் பெட்டிக்குள் அப்பாவின் பாஸ்போர்ட், அதற்குள் பிள்ளையின் பெயர். ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து 488 விமானங்களில் 1,70,000-க்கும் அதிகமான இந்தியர்கள் அந்த ஆண்டு மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். சூட்கேஸ் ஒன்றோடு, அதுவும் இல்லாமல் வந்தவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊரில் வந்த சிக்கல் பள்ளிக்கூட வாசலில்தான் தொடங்கியது: பிறப்புச் சான்றிதழ் எங்கே?

அதற்கும் ஒரு வழி இருந்தது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, வெளிநாட்டில் பிறந்து தூதரகத்தில் பதியப்படாத குழந்தையை, பெற்றோர் இங்கே நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு திரும்பினால், வந்த 60 நாட்களுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம் என்கிறது. நாள் தவறினால் தாமதப் பதிவுக்கு அபராதம், மாஜிஸ்திரேட் உத்தரவு என்று நடைமுறை உண்டு. அலைச்சல்தான். ஆனால் அந்த அலைச்சல் பிறந்த தேதிக்கான அலைச்சல். பிள்ளை இந்தியரா என்று யாரும் கேட்கவில்லை. அப்பா இந்தியர், பிள்ளை இந்தியர், முடிந்தது.

2003-இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2004 டிசம்பர் 3 அன்று அமலுக்கு வந்தது. சட்டவிரோதக் குடியேறிகள் பற்றிய விதிகளும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவழியினருக்கு ஓ.சி.ஐ. என்ற புதிய தகுதியும் அந்தத் திருத்தத்தில்தான் நுழைந்தன. அவற்றைப் பற்றி இன்றுவரை பேசுகிறோம். 4-ஆம் பிரிவில் சேர்ந்த சில வரிகளைப் பேசுவோர் குறைவு. அந்த நாள் முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, தாயும் தந்தையும் இந்தியர்களாகவே இருந்தாலும், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியப்பட்டால்தான் இந்தியக் குடிமகன். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு வேறு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், பதினெட்டு வயது நிரம்பிய ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

வளைகுடா நாடுகள் தங்கள் மண்ணில் பிறந்த வேற்று நாட்டுப் பிள்ளைக்குக் குடியுரிமை தருவதில்லை. சார்ஜாவில் பிறந்து, சார்ஜாவிலேயே பள்ளி முடித்து, அரபியில் சரளமாகப் பேசினாலும் அது இந்தியப் பிள்ளைதான். ஆகவே தூதரகத்தில் பதியப்படாமல் ஓராண்டைத் தாண்டிய குழந்தையின் நிலை என்ன? பிறந்த நாடு தன்னுடையது என்று சொல்லாது. பெற்றோரின் நாடு, எங்கள் அனுமதி கிடைக்கும் வரை எங்களுடையதும் இல்லை என்கிறது. இதைப் படிக்கும் சட்டம் தெரிந்தவர் யாராவது, அனுமதி மறுக்கப்படுவது அபூர்வம் என்று சொல்லக்கூடும். இருக்கட்டும். பால்குடி மாறாத பிள்ளை, பெற்றோர் தாமதித்த காரணத்துக்காக, தன் நாட்டின் அனுமதிக்காகக் காத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

நடைமுறை வெகுவாகச் சீர்ப்பட்டிருக்கிறது, அதை மறுக்க முடியாது. சவூதியில் ரியாத்தில் தூதரகம், ஜெத்தாவில் துணைத் தூதரகம். அன்று தம்மாமில் பிள்ளை பெற்றவர் ஒருநாள் லீவு போட்டு, பாலைவனச் சாலையில் சுமார் 400 கிலோமீட்டர் ரியாத்துக்குப் போக வேண்டும், அல்லது தூதரகக் குழு தம் ஊருக்கு வரும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டும். இன்று விண்ணப்பம் இணையத்தில், ஆவணங்களை வாங்கிக்கொள்ள ஊருக்கு ஊர் சேவை மையம். பிறப்புப் பதிவையும் பாஸ்போர்ட்டையும் ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளலாம்.

துபாயில் இன்று பிறக்கும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை பிறப்பை அறிவிக்கும். சுகாதாரத் துறை அரபியிலும் ஆங்கிலத்திலும் பிறப்புச் சான்றிதழ் தரும். அதில் அமீரக அயலுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் பெற வேண்டும். பிறகு இந்தியப் பிறப்புப் பதிவுக்கான படிவம், பாஸ்போர்ட் விண்ணப்பம், பெற்றோர் இருவரின் கையெழுத்து, உறுதிமொழி. பாஸ்போர்ட் வந்தபின் அதில் குடியிருப்பு விசா, எமிரேட்ஸ் அட்டை. இவையெல்லாம் பிறந்த 120 நாட்களுக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் நாள் கணக்கில் அபராதம். இந்திய அரசு ஓராண்டு தருகிறது, அமீரகம் நான்கு மாதம்தான் தருகிறது. ஒழுங்கான விசாவில் இருக்கும் குடும்பங்கள் இந்தியச் சட்டத்தை அறியாமலே கெடுவுக்குள் பதிந்துவிடுவது இந்த 120 நாள் பயத்தால்தான்.

இத்தனை காகிதங்களுக்கு நடுவில் மிகக் கடினமானது புகைப்படம். வெள்ளைப் பின்னணி, நேர்ப்பார்வை, இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், வேறொருவர் கை தெரியக்கூடாது. பத்து நாள் குழந்தை கண் திறந்திருக்கும் நேரமே கொஞ்சம். பர்துபாய் பக்கம் சின்ன ஸ்டூடியோக்களில் இதற்கென்றே கைப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்துவார்கள். தாய் தலைமாட்டில் குனிந்து பேச்சுக் கொடுப்பாள், தகப்பன் கிலுகிலுப்பையை லென்ஸுக்கு மேலே ஆட்டுவார், ஸ்டூடியோக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று காத்திருப்பார். கொட்டாவி, அழுகை, தூக்கம், மறுபடி அழுகை. ஒரு நொடி கண் விழித்துப் பார்க்கும்போது படம் விழும். அடுத்தது கைரேகை. கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைக்குக் கட்டைவிரல் ரேகை: ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது. பிறந்த குழந்தை எப்போதும் கையை இறுக்கி மூடியே வைத்திருக்கும், கட்டைவிரல் உள்ளே. அந்த முஷ்டியை நோகாமல் பிரித்து, மையைத் தொட்டு வைத்து, கட்டத்துக்கு வெளியே போகாமல் அழுத்தி எடுப்பதற்குள் தாய்க்கு வியர்த்துவிடும். அதன் பிறகு ஈரத்துணியால் அந்தச் சின்ன விரலைத் துடைப்பாள். மை அவ்வளவு சுலபத்தில் போகாது.

அன்றைய எழுத்தருக்குப் பெயர் ஒரு பிரச்சினையே இல்லை, சொன்னதை எழுதினார். இன்று கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு பெயரும் அப்பாவின் முதலெழுத்தும்தான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பல தகப்பன்மார்கள் காலியாக விட்டார்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதி இல்லை என்று அமீரகம் அறிவித்தபோது தமிழர்கள் பதறிப் போனதற்குக் காரணம் இதுதான். கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். இப்போது பிள்ளை பெறுகிறவர்களுக்கு நான் சொல்வது, மருத்துவமனைப் படிவத்தை நிரப்பும் அந்த முதல் நாளிலேயே அப்பா, அம்மா பாஸ்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பாருங்கள் என்பது. முருகேசன் என்ற பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருந்தால், சான்றொப்பம் விழுந்தபின் அதைத் திருத்துவது பெரும்பாடு.

திருமணச் சான்றிதழ் இன்னொரு முடிச்சு. வளைகுடா மருத்துவமனைகளில் பிரசவத்துக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். கோயிலில் தாலி கட்டியவர்களிடம் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும்தான் இருந்தன. ஜமாஅத் பதிவேடும் தேவாலயப் பதிவேடும் இருந்தவர்களுக்கு ஓரளவு பரவாயில்லை. பிள்ளை உண்டான பிறகு, ஊரிலிருக்கும் மாமனாருக்குப் போன் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலையவிட்ட குடும்பங்கள் எத்தனை! 2009 நவம்பர் 24 முதல் தமிழ்நாட்டில் எல்லா மதத்தவருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது. அந்தச் சட்டம் வளைகுடாக் குடும்பங்களுக்காக வந்ததில்லை, ஆனால் அதனால் அவர்களைப் போல நன்மை பெற்றவர்கள் வேறு யாருமில்லை என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் விசா உள்ளவர்களின் கதை. ‘கல்லிவல்லி’ என்று வளைகுடாத் தமிழர்கள் சொல்லும் நிலையில், விசா முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. கம்பெனி மூடி, சம்பளம் நின்று, கடன் வழக்கில் பயணத் தடை விழுந்து, வாடகை அறைக்குள் ஒடுங்கிய குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறக்கிறது. மருத்துவமனைப் பாக்கி கட்டவில்லை, பிறப்புச் சான்றிதழ் வாங்கவில்லை, தூதரகம் பக்கம் போனால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். வீட்டு வேலைக்குப் போன பெண் மணமாகாமல் தாயானால் இன்னும் மோசம். அமீரகத்தில் 2022 வரை அது சிறைக்குப் போகிற குற்றம். அந்த ஆண்டுக்குப் பின் கடுமை தளர்ந்து, தாயின் விண்ணப்பத்தின் பேரில் பிறப்பைப் பதியவும் அங்கே சட்டத்தில் இடம் வந்திருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அவளுக்கு 1992 முதலே இடம் உண்டு, தாய் இந்தியராக இருந்தால் போதும். பாஸ்போர்ட்டில் பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் போதும் என்று 2016 டிசம்பரில் விதியும் தளர்ந்தது. அவளுக்கு இது தெரிய வேண்டும், அவ்வளவுதான். சொல்வார் யார்?

அமீரகம் 2018-இலும் 2024-இலும் பொதுமன்னிப்பு அறிவித்தபோது இந்தப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் வரிசையில் நின்றார்கள். ஓராண்டுக் கெடு அவர்களுக்கு எப்போதோ முடிந்து போயிருந்தது. பொதுமன்னிப்பு அபராதத்தைத் தள்ளுபடி செய்யும். 4-ஆம் பிரிவைத் தள்ளுபடி செய்யாது.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் லண்டன் உயர் நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டனில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, இந்தியத் தூதரகத்தில் பதியப்படாத ஒரு சிறுமியின் வழக்கு. அங்கே 1983 முதல் மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. இந்தியச் சட்டத்தையும் ஆராய்ந்த நீதிபதி, பதிவு இல்லாததால் அவள் இந்தியக் குடிமகள் இல்லை, ஆகவே நாடற்றவள், நாடற்ற குழந்தைக்குரிய வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். அவளுக்கு நல்லதே நடந்தது. ஆனால் தாயும் தந்தையும் இந்தியர்களாக இருக்க, அவர்கள் பெற்ற பிள்ளை நாடற்றவள் என்று இன்னொரு நாட்டு நீதிமன்றம் நம் சட்டத்தைப் படித்துச் சொல்லும்படி ஆனது. பெற்றோர் வேண்டுமென்றே பதியாமல் விடுகிறார்கள் என்று சொல்லி, 2022-இல் பிரிட்டன் அந்த வழியையும் சுருக்கிவிட்டது.

நம் நீதிமன்றங்களும் இந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல்தான் படிக்கின்றன. தாய் வயிற்றில் இருக்கும்போதே பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட, 1999-இல் அங்கே பிறந்த ஒருவர், வளர்ந்தபின் இந்தியக் குடியுரிமையை மீட்டுத் தரும்படி கேட்டார். கருவில் இருந்த குழந்தைக்கும் பெற்றோர் வழியே அந்த உரிமை இருந்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. குடியுரிமைச் சட்டத்தின் சொற்களுக்கு அவற்றின் நேர்ப் பொருள்தான், அனுதாபத்தால் அதை நீட்ட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஓராண்டு என்று எழுதியிருந்தால் ஓராண்டுதான்.

அமெரிக்காவில் பெற்றவர்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், ஊருக்கு வந்துபோக ஓ.சி.ஐ. அட்டை. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் தற்காலிக விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லை என்று ஆணையிட்டார். நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. ஆனாலும் எச்-1பி விசாவில் இருக்கும் தமிழர்கள் பலர், அப்படியானால் நம் பிள்ளை இந்தியரா, எங்கே போய்ப் பதிவது என்று முதன்முறையாக விசாரிக்கத் தொடங்கினார்கள். வளைகுடாத் தொழிலாளியின் கேள்வி கலிபோர்னியாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரிலேயே இதற்கு எதிர்த்திசையில் ஒரு வரிசை நிற்கிறது. 1983-க்குப் பின் வந்த ஈழ அகதிகளின் பிள்ளைகள் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்தார்கள். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறியதால், அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள் இந்தியர் இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, தேதிக்கு முந்திப் பிறந்ததால், இந்தியப் பாஸ்போர்ட் தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பின் ஒரு தங்கை பிறந்திருந்தால் அவளுக்கு அந்தக் கதவு திறக்காது. இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது வன்னியில் எரிந்த வீட்டோடு போயிருக்கும். எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் போய், படிவம் நிரப்பி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்தப் பதிவைச் செய்து கொடுத்தது. வெளியில் அதிகம் தெரியாத பெரிய வேலை அது.

அதையே வளைகுடாவிலும் செய்ய முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். முகாம்களைப் பார்த்துக்கொள்ளும் நம் மாநில அரசின் ஆணையரகம்தான் அயலகத் தமிழர் நலனையும் பார்த்துக்கொள்கிறது. இரண்டு வரிசைகளும் ஒரே அலுவலகத்தின் கண்ணில் படுகின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று சென்னையில் அயலகத் தமிழர் நாள் கொண்டாடுகிறார்கள். துபாய், சார்ஜா, தம்மாம், தோகா தமிழ்ச் சங்கங்களின் ஆட்கள் வருகிறார்கள். பிறப்புப் பதிவுக்கு அங்கே ஒரு மேசை போட வேண்டும். ஒவ்வொரு சங்கத்திலும், படிவம் நிரப்பத் தெரிந்த, போலீஸ் பயம் இல்லாமல் கல்லிவல்லிக் குடும்பங்களின் கதவைத் தட்டக்கூடிய இரண்டு பெண்களைப் பயிற்றுவிக்க வேண்டும். மத்திய அரசிடம் கேட்க வேண்டியது வேறு. தாமதத்துக்குக் கட்டணம் வையுங்கள், விளக்கம் கேளுங்கள். ஆனால் பெற்றோர் இருவரும் இந்தியர்களாக இருந்து, வேறு எந்த நாடும் ஏற்காத பிள்ளையைப் பதிய தூதரக அதிகாரிக்கே அதிகாரம் கொடுங்கள். கோப்பு டெல்லிக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை.

இதற்கு அவசரமும் இருக்கிறது. 2004-க்குப் பின் அங்கே பிறந்து பதியப்பட்ட முதல் பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. அப்பா வேலை பார்த்த அதே ஊரில் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் கல்யாணம், பிள்ளை. பிரசவத்துக்கு ஊருக்கு வர இவர்களுக்கு ஊரில் பாட்டி வீடு இருக்கலாம், தாய்வீடு துபாயில்தான். இவர்களுடைய பிள்ளைகள் அந்த ஊர் மருத்துவமனையில் பிறந்து, அந்த ஊரிலேயே வளரும். 1990-இல் தூதரகத்தில் பதியாமல் விட்டவர் ஊர் திரும்பி உள்ளூர்ப் பதிவாளரிடம் போனார். 2023 அக்டோபர் 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறப்புச் சான்றிதழே முதன்மை ஆவணமாகிவிட்டது. அங்கே பிறந்தவர்களுக்குத் தூதரகப் பதிவுதான் எல்லாமே.

குழந்தைக்கு இன்னும் முதல் பிறந்தநாள் வரவில்லையென்றால் நேரம் இருக்கிறது. விசா முடிந்திருந்தாலும், மருத்துவமனைப் பாக்கி இருந்தாலும், திருமணம் பதியப்படாமல் இருந்தாலும், தூதரகத்துக்குப் போய் எழுத்தில் ஒரு மனுவைக் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற காகிதங்களைப் பின்னால் தேடலாம். ஓராண்டு ஏற்கெனவே தாண்டியிருந்தாலும் போங்கள். அனுமதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் தாமதத்துக்கான காரணத்தை உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், பிறப்புச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் மருத்துவமனை தந்த பிறப்பு அறிவிப்புச் சீட்டையாவது இணைத்துக் கொடுங்கள்.